ஒருமித்த ஜெபமும் ஆறு பத்து அருப்புக்கோட்டையும்

எங்கள் சபையில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஜெபிக்கிற மனுஷன் என்பார்கள். புதன்கிழமை வீட்டுக் கூட்டங்களில் எல்லோரும் ஒருமித்துச் சத்தமாக ஜெபிக்கும்போது என் உதடு ஒரு நொடிகூட நிற்காது, நடுவில் தடுமாறாது, கண் இறுக மூடியிருக்கும். இது பார்த்தவர்கள் கொடுத்த சான்றிதழ். நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் கமிட்டியில் வைத்திருக்க மாட்டார்கள்.

நான் சொல்லிக்கொண்டிருந்தது பஸ் நேரம்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எனக்கு டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது, ஏன் தாமதம், டிரைவர் டீக்கடையில் எத்தனை நிமிஷம் நின்றார் என்பதையெல்லாம் எழுதி வைக்கிற வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் நேரப் பட்டியலைத் தலைகீழாக ஒப்பிப்பேன். அது ஆண்டவருக்கு முன்னால் இப்படிக் கைகொடுக்கும் என்று வேலையில் சேர்ந்த அன்று நினைக்கவில்லை.

முன்பெல்லாம் எங்கள் சபையில் சத்த ஜெபம் கிடையாது. எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் உரிய இடத்தில் ஆமென் சொல்வோம், வீட்டுக்குப் போவோம். ஆண்டவருக்கும் எங்களுக்கும் அதில் புகார் இருந்ததில்லை. பிறகு பைபாஸ் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் புதுச் சபை ஒன்று வந்தது. அங்கே மைக் உண்டு, டிரம்ஸ் உண்டு, ஆளாளுக்குக் கையைத் தூக்கிக் கத்தலாம். எங்கள் வாலிபர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவினார்கள். கமிட்டி அவசரமாகக் கூடியது. டிரம்ஸ் வைக்கப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. கத்துவதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. அப்படி வந்ததுதான் எங்கள் ஒருமித்த ஜெபம்.

"எல்லாரும் வாயத் திறந்து ஜெபிப்போம்" என்று ஐயர் சொன்னதும் நாற்பது பேர் நாற்பது விஷயத்தை ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்குவோம். ஒருவர் மகனுக்கு விசா கேட்பார். ஒருவர் மூட்டு வலியைச் சொல்வார். ஒருவர் எதிர்வீட்டுக்காரருக்கு நல்ல புத்தி கேட்பார், எதிர்வீட்டுக்காரர் பக்கத்திலேயே முழங்காலில் இருப்பார். இது எல்லாமே ஆண்டவர் காதில் தனித்தனியாக விழும் என்பது எங்கள் நம்பிக்கை. பஸ் ஸ்டாண்டில் மூன்று கண்டக்டர்கள் சேர்ந்து கூப்பிட்டாலே எனக்கு எந்த ஊர் என்று விளங்காது. ஆண்டவர் கெட்டிக்காரர்தான்.

முதல் நாள் எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஐயர் பார்ப்பார். கேட்க ஒன்றுமில்லை என்று இல்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்கிற பிடிவாதம் ஒன்று சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்த அவசரத்தில் வாய்க்கு வந்தது, "அஞ்சு நாப்பது நாகலாபுரம், அஞ்சு அம்பது கழுகுமலை, ஆறு மணி விளாத்திகுளம்." நன்றாகத்தான் ஓடியது. பக்கத்தில் இருந்தவர் என் சத்தத்தைக் கேட்டு உற்சாகமாகித் தானும் குரலை உயர்த்தினார். அன்று பிடித்த வழியை நான் விடவில்லை. கடைசி வண்டி போய்ச் சேர்வதற்கும் ஐயர் ஆமென் சொல்வதற்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

ஜெபம் எதற்கு என்று ஐயரிடம் ஒருமுறை கேட்டேன். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறோம் என்றால் கலெக்டருக்கு விஷயம் தெரியாது, அதனால் கொடுக்கிறோம். எல்லாம் தெரிந்தவருக்கு எதற்கு மனு? அதிலும் ஒரே மனுவை நாற்பது பேர் சேர்ந்து எதற்கு?

ஐயர் இளையவர், பொறுமைசாலி. "அண்ணாச்சி, ஒங்க பேத்திக்கு என்ன வேணும்னு ஒங்களுக்குத் தெரியும். ஆனா அவ வந்து கேட்டா ஒங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்லா?" என்றார்.

"இருக்கும் ஐயரே. ஆனா அவ தெருவையே கூட்டிட்டு வந்து கேக்க மாட்டா" என்றேன். ஐயர் சிரித்துவிட்டு, எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

மழை விஷயத்தில் எங்கள் சபை பட்ட பாட்டைப் பார்த்தால் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். சபையில் பாதிப் பேருக்குப் புதூர்ப் பக்கம் மானாவாரிக் கரிசல் நிலம் உண்டு. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தையே பார்த்திருப்பார்கள். மீதிப் பாதி தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள். வெயில் இல்லாவிட்டால் அவர்களுக்குக் குச்சி காயாது. ஒருவர் எழுந்து மழைக்காக மனமுருகி ஜெபிப்பார், எல்லோரும் ஆமென் சொல்வோம். அடுத்தவர் எழுந்து தொழில் தடையில்லாமல் நடக்க நல்ல வெயில் வேண்டுமென்று ஜெபிப்பார், அதற்கும் ஆமென். முதல் ஆமெனைவிட இரண்டாவது சத்தம் குறையாது, அவ்வளவு ஐக்கியம். ஒரு வருஷம் மண் மட்டும் நனைகிற அளவுக்குத் தூறல் போட்டு நின்றது. அடுத்த ஞாயிறு இரண்டு பேருமே எழுந்து, தங்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்று சாட்சி சொன்னார்கள்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்த காலம். இப்போது நினைத்தால், வேடிக்கை பார்க்கிற தைரியம் என் பக்கத்தில் முழங்காலில் இருந்தவளிடமிருந்து வந்தது.

என் மனைவிக்குப் பெரிய குரல். இனிமையான குரல் என்று நான் சொன்னால் பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்ன பொய்யை இன்னும் விடவில்லை என்பார்கள். பெரிய குரல், அதுதான் சரி. பால்வாடியில் டீச்சர். அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து அழும்போதும் அவள் சொல்வது கடைசிப் பிள்ளைக்குக் கேட்கும். கோயிலில், சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பாட்டை எடுத்துக் கொடுப்பது அவள். கீபோர்டு வாசிப்பவர் பின்னால் வந்து சேர்ந்துகொள்வார். எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபம் அவள் இலாகா, ஆமென் என் இலாகா. மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகும் அந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வீட்டுக் கூட்டத்தில் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. நான் தூங்கி விழுந்துவிடுவேன் என்று என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார்த்திக்கொள்வாள். அவள் ஜெபிக்க ஆரம்பித்தால் நான் சொல்வது எனக்கே கேட்காது. அந்த மறைவில்தான் என் பஸ்ஸெல்லாம் இருபது வருஷம் தாமதமில்லாமல் ஓடின.

போன வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தைராய்டு என்றார்கள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. கட்டி கெட்ட கட்டி இல்லை, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, எடுக்கும்போது அது அசந்து போகலாம் என்று சொல்லி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்.

சபைக்குச் சொல்ல வேண்டாம் என்று நான் தீர்மானமாக இருந்தேன். எங்கள் ஊரில் பேப்பர் போடுகிறவர் ஒரு நாள் வராமல் இருந்தாலும் ஜெபக் குறிப்பு நிற்காது. 'இன்னார் மகளுக்காக ஜெபியுங்கள்' என்று ஒருவர் ஆரம்பித்தால், 'எதுக்குன்னு தெரிஞ்சா பாரத்தோட ஜெபிக்கலாம்' என்று இன்னொருவர் கேட்பார். பாரம் வாங்கிக்கொண்டு போய் மூன்று தெருவில் இறக்குவார். ஆனால் ஞாயிறு பாட்டுக்கு வேறு ஆள் வேண்டுமே. பெண்கள் சங்கச் செயலாளர் அக்காவுக்கு மட்டும் போனில் சொன்னேன்.

"அக்கா, யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"நான் யார்ட்ட அண்ணாச்சி சொல்லப் போறேன்? ஆண்டவர்ட்ட மட்டும் சொல்லுதேன். ஆஸ்பத்திரில எந்த ரூம்புன்னு மட்டும் சேந்த பொறவு சொல்லுங்க, ஜெபிக்க வசதியா இருக்கும்."

சொன்னேன். அதுதான் நான் செய்த தவறு. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அக்கா ஆண்டவரிடம் சொன்னார்கள், மைக்கில். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்த ஆள் அந்த ஜெபத்தை ஒரு வரி விடாமல் எனக்கு ஒப்பித்தார்.

"ஆண்டவரே, வெளிய சொல்ல வேண்டாம்னு அண்ணாச்சி சொல்லியிருக்காவ. ஆனா ஒமக்கு மறைவானது ஒண்ணும் இல்லய்யா. எங்க டீச்சரம்மாவுக்குக் கழுத்துல கட்டி. மதுரையில, ரயிலடியிலருந்து நேர வந்தா ரெண்டாவது சிக்னல்ல இருக்க ஆஸ்பத்திரி. மூணாவது மாடி. லிப்ட்ட விட்டு எறங்குனா எடப்பக்கம் நாலாவது ரூம்பு. அங்கன எறங்கி வாரும்யா."

ஆண்டவருக்கு லிப்ட் எதற்கு என்று எனக்கு எரிச்சல். ஆனால் வழி சுத்தமாகச் சொல்லப்பட்டிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விலாசத்தைக் கேட்டு ஆண்டவர் வந்தாரோ என்னவோ, சபை வந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதினேழு பேர். ஒருவர்கூட வழி தவறவில்லை. ரயிலில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தவர் ஒருவர், தூக்குச் சட்டியில் ரசம் கொண்டு வந்தவர் ஒருவர், ஒருவர் எனக்கு மாற்று வேட்டி கொண்டு வந்திருந்தார். நான் மூன்று நாளாக ஒரே வேட்டியில் இருப்பேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. அப்படித்தான் இருந்தேன். ஆளாளுக்குக் கட்டிலைச் சுற்றி ஜெபிக்கத் தொடங்க, நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பினார். அந்த நர்ஸ்மேல் எனக்கு அன்று தனி மரியாதை வந்தது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. குரல் போய்விட்டது.

வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு அசந்திருக்கிறது, ஆறு வாரத்தில் வரலாம், ஆறு மாதமும் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். அதுவரை குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாது. 'லாம்' போட்டுப் பேசுகிறவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது?

வீட்டுக்கு வந்தோம். பால்வாடியிலிருந்து ஒரு சிலேட்டு கொண்டு வந்து வைத்துக்கொண்டாள். 'பால் பொங்குது', 'கேஸ் புக் பண்ணுங்க', 'மகளுக்குப் போன் போட்டு நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க'. எழுதி, டம்ளரைத் தரையில் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். இருபத்தெட்டு வருஷமாக அவள் சத்தத்தைப் பற்றி நான் செய்த கேலிக்கு அளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கே மைக் வேண்டாம், உன்னை நிறுத்தினால் போதும் என்பேன். இப்போது வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு சும்மா இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. சாயங்கால ஜெப நேரம் வந்தால் அவள் கண்ணை மூடி உட்காருவாள், நான் எதிரில் உட்காருவேன். அவள் முடித்துவிட்டாளா என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஆமென் சொல்வேன். ஒரு நாள் பாதியிலேயே சொல்லிவிட்டேன் போல. ஒரு கண்ணைத் திறந்து முறைத்தாள்.

பால்வாடியில் பதிலுக்கு ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். குரல் வராவிட்டால் அந்த வேலை இல்லை, பாட்டு இல்லை. சிலேட்டில் ஒரு தடவை, 'பிள்ளைங்களுக்கு என் மொகம் மறந்துரும்' என்று எழுதிவிட்டு நான் படிப்பதற்குள் அழித்தாள். நான் படித்துவிட்டேன்.

ஆறு வாரம் முடிந்தது. 'வரலாம்' வரவில்லை. அந்தப் புதன்கிழமை எங்கள் வீட்டிலேயே விசேஷ ஜெபம் என்று அக்கா அறிவித்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லப் போனேன். வீட்டுக்காரி சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். 'காபித் தூள் வாங்கிட்டு வாங்க.'

ஏழு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்து, பாயை விரித்தோம். வெயிலில் கரிசல் மண் வெடித்தால் எங்கள் தெருவில் சுவரும் சேர்ந்து வெடிக்கும். அன்று அந்தச் சுவர் விரிசலில் சாய்ந்து உட்கார்ந்தவர் நடுவில் எழுந்து, இதைப் பூசாமல் விட்டிருக்கீங்களே அண்ணாச்சி என்று விசாரித்தார். பாட்டை அக்கா எடுத்தார்கள். தொடக்கமே உச்சத்தில், பாதிப் பேர் எட்ட முடியாமல் நடுவழியில் இறங்கிவிட்டார்கள். வீட்டுக்காரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்புறம் சிரிப்பு நின்றது. கீழே பார்த்துக்கொண்டாள்.

"எல்லாரும் வாயத் திறந்து நம்ம டீச்சரம்மாவுக்காக ஜெபிப்போம்" என்றார் ஐயர்.

முழங்காலில் நின்றோம். சத்தம் கிளம்பியது. நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன். அஞ்சு நாப்பது நாகலாபுரம். அஞ்சு அம்பது கழுகுமலை. ஆறு மணி விளாத்திகுளம். ஆறு பத்து அருப்புக்கோட்டை.

என் குரல் எனக்குக் கேட்டது.

இருபது வருஷத்தில் முதல் தடவை. சுற்றிலும் நாற்பது பேர் கத்தினாலும் என் இடது பக்கம் மட்டும் சத்தமே இல்லாமல் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் இருந்தவளுக்கு வாய் அசைந்துகொண்டிருந்திருக்கும், எனக்குத் தெரியாது, கண்ணைத் திறக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு கிழவன் அருப்புக்கோட்டை, அருப்புக்கோட்டை என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகக் கேட்டது. வெட்கமாகிவிட்டது. வாய் நின்றுபோனது.

அதன்பிறகு நான் சொன்னதை இங்கே எழுத அவ்வளவாக விருப்பமில்லை, கமிட்டியில் யாராவது படிப்பார்கள். ஆனாலும் சொல்கிறேன். "ஆண்டவரே, இவளுக்குச் சத்தம் வேணும்" என்றேன். அடுத்தது என்ன சொல்வதென்று தெரியாமல், "கோவில்பட்டியில, தண்ணித் தொட்டிக்கு எதுத்த வீடு, பச்சைக் கதவு" என்றேன். சொன்ன பிறகுதான் அக்கா ஏன் லிப்ட் வரைக்கும் சொன்னார்கள் என்பது புரிந்தது. பயத்தில் இருக்கிறவனுக்கு விலாசம்தான் முதலில் வாயில் வருகிறது. "இவ என்னை ஏசணும். பிள்ளைங்களுக்கு இவள மறந்துரக் கூடாது. எனக்கு ஒத்தையில ஜெபிக்கத் தெரியாது" என்றேன். இன்னும் ஏதோ சொன்னேன். என் வலது பக்கம் இருந்தவர் தன் விஷயத்தை விட்டுவிட்டு, "ஆமா ஆண்டவரே, ஆமா ஆண்டவரே" என்று எனக்குத் துணை வந்தார். யாரென்று பார்க்கவில்லை. அந்த ஆள் துணைக்கு வந்தது எனக்கு வேண்டியிருந்தது.

ஆமென் ஆனது. காபி கொடுத்தோம், மிக்சர் கொடுத்தோம். சுவர் விரிசலுக்கு எந்த சிமெண்ட் நல்லது என்று பேசினார்கள். எட்டரைக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு பாயைச் சுருட்டினேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு காலையில், நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தகரத்தை ஆணியால் கீறியதுபோல ஒரு சத்தம் வந்தது. பாத்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் வந்தது.

"ஏங்க, அருப்புக்கோட்டைக்குப் பொறவு பஸ்ஸே கெடையாதா?"

செருப்பு ஒரு காலில் இருந்தது, ஒன்று கையில் இருந்தது. டாக்டர் சொன்ன கணக்கில் நரம்பு தன் நேரத்துக்கு வந்திருந்தது. சபை அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும், எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அப்போது வேறு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"ஏட்டி, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமா கேட்டுக்கிட்டுதான இருக்கேன்."

"நீ கத்துற கத்துல எப்படிக் கேக்கும்?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். பழைய குரல் வரவில்லை, இனி அந்தப் பாட்டு வருமா என்று தெரியாது. அந்தக் கீறல் குரலிலேயே சொன்னாள்.

"நானும் நடுவுல மூச்சு விடணும்லா."